வயிறு முட்டத் தின்றவர்களுக்கான மருந்து: பாவ் ஹெ வான்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீன நண்பர் வீட்டு விருந்தில் பன்றி இறைச்சி, வாத்து, நூடுல்ஸ் என்று ஒரு பிடி பிடித்திருக்கிறீர்கள். இரவு வயிறு கல் மாதிரி ஆகி, புளித்த ஏப்பம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நண்பரின் அம்மா ஒரு குப்பியிலிருந்து எட்டுக் கறுப்பு உருண்டைகளை எண்ணிக் கொடுத்து, 'பாவ் ஹெ வான்' என்றிருக்கிறார். காலையில் சரியாகிவிட்டது. உங்களுக்கு அடிக்கடி வாயுத் தொல்லை. இதை வாங்கி வைத்துத் தினமும் சாப்பிடலாமா? 68 வயதான அப்பாவுக்கும் எப்போதும் வயிறு உப்புசம். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். அவருக்கும் கொடுக்கலாமா?

தினமும் வேண்டாம். அப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அதற்காக இதை மோசமான மருந்து என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு அன்றிரவு கொடுத்தது சரியான மருந்து. சரியான ஆளுக்குச் சரியான ராத்திரியில் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டுமான மருந்து அது என்பதுதான் விஷயம்.

நான் மலேசியாவின் ஈப்போவில் இருபது வருஷத்துக்கு மேலாக மருந்தாளராக இருக்கிறேன். என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சீன மெடிக்கல் ஹால், அதாவது சீன நாட்டு மருந்துக் கடை. ஈப்போவில் கேன்டனீஸ்தான் அதிகம் என்பதால் அங்கே இதைப் 'போ வோ யுன்' என்பார்கள். என் கடையில் கேட்டுவிட்டு அங்கே போகிறவர்கள், அங்கே வாங்கிவிட்டு என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறவர்கள் என்று இரண்டு வகையும் உண்டு. அதனால் எனக்கும் அந்தக் கடை முதலாளியான தவுக்கேக்கும் பல வருஷப் பேச்சு. இங்கே எழுதுவதில் பாதி அவரிடம் கேட்டது, பாதி என் படிப்பு.

'பாவ் ஹெ' என்றால் இணக்கத்தைக் காப்பது. பெய்ஜிங் அரண்மனையில் இதே இரண்டு எழுத்தைப் பெயராகக் கொண்ட பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது. 'வான்' என்றால் உருண்டை. செய்முறையைச் சொன்னவர் ஜூ தான்சி. 1281-இல் ஜெஜியாங் மாநிலத்தின் யிவுவில் பிறந்து 1358-இல் இறந்தவர். யிவு என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆமாம், உலகம் முழுக்க இருந்து வியாபாரிகள் போய் பிளாஸ்டிக் பூவும் பொம்மையும் மொத்த விலைக்கு எடுக்கிற அதே யிவுதான்.

அவர் வைத்தியத்துக்கு வந்த கதையே வயிற்றிலிருந்து தொடங்குகிறது. அவருக்கு முப்பது வயதானபோது அவருடைய அம்மாவுக்கு மண்ணீரல் சம்பந்தமான வலி. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்றால் நம் உடற்கூறு சொல்கிற உறுப்பு மட்டும் அல்ல, செரிமானம் என்ற வேலை முழுவதும் அதன் பொறுப்பு. வந்த வைத்தியர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். பழைய மருத்துவ நூலான சூவென்னைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு சில வருஷம் படித்து, அம்மாவைத் தானே குணப்படுத்தினாராம். பிறகு நாற்பது வயதைத் தாண்டியும் ஆசை விடவில்லை. ஹாங்ஜோவில் லுவோ ஜிதி என்ற கிழவரிடம் போய், அவர் திரும்பத் திரும்ப விரட்டியும் வாசலிலேயே நின்று சீடராகச் சேர்ந்தார். ஜூ தான்சி மறைந்த பிறகு அவருடைய போதனைகளைப் பின்வந்தவர்கள் தொகுத்த 'தான்சி சின்ஃபா' நூலில் பாவ் ஹெ வானுக்கு இருப்பது ஓரிரண்டு வரிதான். எதற்கு என்ற இடத்தில், எல்லா வகை 'ஷி ஜி'க்கும் என்று எழுதியிருக்கிறது.

இந்த ஷி ஜி என்ற சொல்லில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஷி என்றால் உணவு, ஜி என்றால் குவிந்து கிடப்பது. தின்றது செரிக்காமல் உள்ளேயே தேங்கிக் கிடக்கும் நிலை. அழுகிய முட்டை வாடையில் ஏப்பம், புளிப்பு எதுக்களிப்பது, மேல்வயிறு கும்மென்று இருப்பது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, சில சமயம் வயிறு பிய்த்துக்கொண்டு போவது. நம் பாட்டிகள் குழந்தைக்கு மாந்தம் என்பார்களே, கிட்டத்தட்ட அதுவேதான். குழந்தைகளின் மாந்தத்துக்கு இந்த மருந்தைத்தான் சீனர்களும் எடுப்பார்கள்.

தவுக்கே இதை யாருக்கும் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் "நாக்கை நீட்டு" என்பார். ஒரு சீனப் புத்தாண்டு சமயம். நாலைந்து வீட்டுத் திறந்த இல்ல விருந்தை ஒரே நாளில் முடித்துவிட்டு மறுநாள் நானே அவர் முன்னால் போய் நின்றேன். கல்லா மேஜை விளக்கைத் திருப்பி என் நாக்கில் அடித்துப் பார்த்தார். கண்ணாடியில் எனக்கும் காட்டினார். நடு நாக்கிலிருந்து பின்பக்கம் வரை, ஊறவைத்த தோசை மாவைத் தடவியது போல மஞ்சளாகத் தடித்த ஒரு படிவு. "இது இருந்தால் பாவ் ஹெ. நாக்கு வெளுத்து மெலிந்து, பசியே இல்லாமல் வந்தால் நான் கொடுக்க மாட்டேன்" என்றார். அப்போது ஏதோ கடைக்காரர் பந்தா என்றுதான் நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஜூ தான்சியே இதைத்தான் சொல்லியிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது? மூலச் செய்முறையில் ஏழு சரக்கு, மொத்தம் 17 பங்கு. அதில் 6 பங்கு ஷான் ஜா என்ற பழம். பெய்ஜிங்கில் குளிர்காலத்தில் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கி விற்கிறார்களே, அந்தச் சிவப்புப் பழம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். பட்டாசு மாதிரி காகிதத்தில் சுற்றி வரும், பிரித்தால் மெல்லிய செம்பழுப்பு வட்டங்கள், புளிப்பும் இனிப்புமாக. காசு மாதிரி அடுக்கி வைத்து விளையாடிவிட்டுத் தின்போம். அந்த மிட்டாயும் இந்த மருந்தும் ஒரே பழம்.

பழைய சீன நூல்கள் இதை இறைச்சி செரிமானத்துக்கு என்று ஒதுக்கியிருக்கின்றன. 1578-இல் எழுதி முடித்த 'பென்சாவ் காங்மு' என்ற மாபெரும் மூலிகை நூலில் லி ஷிஜென் ஒரு சமையலறைச் சேதியைச் சாட்சியாக வைக்கிறார்: வயதான கோழி, வேகாத கறி கொதிக்கும்போது ஷான் ஜா நாலைந்து போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், ஆகவே வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். மருந்தாளராக எனக்கு இந்தத் தர்க்கம் ஒப்பாது. புளிப்பு அமிலம் கறியை மிருதுவாக்குவது உண்மை, தயிரில் ஊறவைத்துப் பிரியாணி போடுகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வயிற்றில் ஏற்கெனவே அதைவிடக் கடுமையான அமிலம் இருக்கிறதே. இருந்தாலும் அந்த மனிதர் அடுப்பங்கரையில் நின்று யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிடிக்கும்.

அடுத்தது ஷென் ச்சூ. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமான சரக்கு. இது செடி அல்ல, புளிக்கவைத்த கட்டி. கோதுமை மாவு அல்லது தவிட்டோடு சிவப்புக் காராமணி மாதிரியான ஒரு சின்னப் பயறு, வாதுமை இனத்து ஏப்ரிகாட் கொட்டைப் பொடி, இவற்றோடு மூன்று பச்சிலைகளின் சாறு. ஆறும் சேர்வதால் 'ஆறு ஷென் ச்சூ' என்றும் பெயர். பிசைந்து கட்டியாக்கி, இலை போர்த்தி, வெயில் காலத்தில் மூடி வைத்தால் மேலே பூஞ்சை பூக்கும். அதை வில்லைகளாக நறுக்கிக் காயவைப்பார்கள். ஆறாம் நூற்றாண்டு வேளாண் நூலான 'ச்சிமின் யாவ்ஷு'வில் இதே பெயர் வருகிறது, ஆனால் அங்கே அது சாராயம் காய்ச்சும் நொதிக்கட்டி. சாராயக் கடையிலிருந்து மருந்துக் கடைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நொதிக்கட்டி என்றவுடன், சரி, மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் இருக்கும், அதனால்தான் செரிக்கிறது என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அங்கேதான் ஒரு கோளாறு. மருந்தில் சேர்க்கும் முன் ஷென் ச்சூவை வறுப்பார்கள். ஷான் ஜாவையும் வெளிப்பக்கம் கருகும்வரை வாணலியில் புரட்டுவார்கள். தவுக்கே கடையில் இந்த வறுவல் நடக்கும் நாளில் தெருவே பொரிகடலை கருகின வாசனையாக இருக்கும். அந்தச் சூட்டில் என்சைம் தாங்காது. ஆகவே என்சைம் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. வறுத்தால்தான் வேலை செய்யும் என்று அவர் சத்தியம் செய்கிறார். அப்படியே வைத்துக்கொண்டாலும், காரணம் வேறு எதுவாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது முள்ளங்கி விதை. இது மாவுப் பண்டம், நூடுல்ஸ் வகையறாவுக்கு. இந்த விதை சளியை அகற்றும் வேகத்தைச் சொல்லும்போது, சுவரை இடித்துத் தள்ளும் பலம் என்று ஜூ தான்சி வர்ணித்ததாக லி ஷிஜென் எழுதுகிறார். இறைச்சிக்கு ஷான் ஜா, பழைய சாதமும் மதுவும் கலந்த தேக்கத்துக்கு ஷென் ச்சூ, மாவுக்கு முள்ளங்கி விதை என்று மூன்று ஆளை மூன்று வாசலில் ஜூ தான்சி நிறுத்தியிருக்கிறார். நீங்கள் தின்ற விருந்துப் பட்டியலை ஒரு முறை பாருங்கள், இறைச்சியும் இருக்கிறது, மாவும் இருக்கிறது.

மிச்சம் நான்கும் துணைச் சரக்கு. ச்சென் பீ என்பது குறைந்தது மூன்று வருஷம் பழசான ஆரஞ்சுத் தோல், குவாங்டோங்கின் ஷின்ஹுய் சரக்குக்குத்தான் மவுசு; பழசாகப் பழசாக விலை ஏறும். வாயுவைக் கலைக்க. ஃபூ லிங், பைன் மர வேரில் விளையும் ஒரு பூஞ்சைக் கிழங்கு, ஈரம் போக்க. லியென் ச்சியாவ், ஒரு மஞ்சள் பூச்செடியின் காய், தேங்கினது சூடு பிடிக்கும் என்பதால் குளிர்ச்சிக்கு.

நான்காவது பான் ஷியா. இதுவரை சொன்னவை எல்லாம் ஏறக்குறைய சமையலறை ஆசாமிகள். இது அப்படி அல்ல. பச்சையாக ஒரு துண்டு வாயில் போட்டால் நாக்கும் தொண்டையும் ஊசி குத்தியதுபோல் எரிந்து வீங்கும். கருணைக்கிழங்கை அரைவேக்காட்டில் தின்றவர்களுக்கு அந்தக் காறல் எப்படி என்று தெரியும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். நாம் புளி ஊற்றி வேகவைக்கிறோம், அவர்கள் இஞ்சி, படிகாரம், சுண்ணாம்பு என்று நாள்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஒழுங்காகப் பதப்படுத்திய பான் ஷியா குமட்டலுக்குக் கொடுப்பது. சரக்கை உதிரியாக வாங்கி வீட்டிலேயே இந்த உருண்டையைச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள் என்பதற்கு இந்த ஒன்றே போதும். கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக் கூடாது என்பதும் இதை வைத்துத்தான்.

இன்றைய சீன அரசு மருந்து நூலில் எட்டாவதாக வறுத்த முளை பார்லியும் சேர்ந்திருக்கிறது. 800 கிராமுக்கு ஷான் ஜா 300. ஜூ தான்சியின் 17-இல் 6 பங்கோடு ஒப்பிட்டால் விகிதம் அவ்வளவாக மாறவே இல்லை. அளவுதான் மாறியிருக்கிறது. மூல நூலில் ஒரு வேளைக்கு 70, 80 உருண்டை! உங்களுக்கு எட்டு கொடுத்தது சுருக்கிய சத்தில் செய்த வகை. அதற்குப் பொதுவாக எட்டு உருண்டை, நாளைக்கு மூன்று முறை. இன்னொரு வகை தேன் உருண்டை, நெல்லிக்காய் அளவில் மெழுகுக் கூட்டுக்குள் வரும். மெழுகோடு கடித்த ஆட்களை எனக்குத் தெரியும். கூட்டை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு உருண்டையைக் கிள்ளிக் கிள்ளி மென்று, வெந்நீர் குடிக்க வேண்டும். எந்த வகையானாலும் அளவு அந்தந்தக் குப்பியில் போட்டிருப்பதுதான் கணக்கு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றால், நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், நானும் அன்று அப்படித்தான் சொன்னேன். ஆனால் அளவுக்கு மீறித் தின்ற வயிறு, எதுவுமே கொடுக்காவிட்டாலும் மறுநாள் பெரும்பாலும் தானே சரியாகும். மாத்திரை என்ற பெயரில் ஒரு வேளை பட்டினியும் வெந்நீரும் சேர்ந்து நடந்திருக்கும். இதைப் பிரித்துக் காட்டும் அளவுக்குப் பெரிய, கறாரான ஆய்வுகள் இந்த மருந்துக்கு இல்லை. தவுக்கேயிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டு, "உன் கடை ஆன்டாசிட்டும் அப்படித்தானே" என்பார். ஒரு தடவை நான் அவருக்குத் தீபாவளி லேகியம் கொடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம். நக்கிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தின்பதற்கு முன்னாலேயே மருந்து சாப்பிடுகிறீர்களா, புத்திசாலிகள்" என்றார்.

சரி, ஏன் தினமும் கூடாது? ஷான் ஜாவைப் பற்றி ஜூ தான்சி சொன்னதாகவே லி ஷிஜென் ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்கிறார்: இது உணவைக் கரைப்பதில் பெரிய சக்தி கொண்டது, ஆனால் வயிற்றில் தேக்கம் இல்லாமல், செரிமானமே பலவீனமாகி, பசியின்றி இருப்பவர் இதை நிறையச் சாப்பிட்டால் வயிற்றின் துளிர்க்கும் சக்தியையே அது திருப்பித் தாக்கும். தவுக்கே என் நாக்கைப் பார்த்தது இதற்காகத்தான். இடிக்கிற ஆளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு இடிக்க எதுவும் இல்லை என்றால் அவன் சும்மா இருப்பானா? பலவீனமும் தேக்கமும் சேர்ந்திருப்பவர்களுக்கென்று பாய் ஜூ என்ற கிழங்கைக் கூட்டி 'தா ஆன் வான்' என்று ஒரு தனி உருண்டையே இருக்கிறது.

என் பக்கத்திலிருந்தும் காரணம் இருக்கிறது. ஷான் ஜாவை வெறும் வயிற்றில் அளவில்லாமல் தின்றவர்களுக்கு வயிற்றுக்குள் கல் மாதிரிக் கட்டி உருவான சம்பவங்கள் சீன மருத்துவமனைகளில் பதிவாகியிருக்கின்றன. அது பழத்தைத் தின்றவர்களுக்கு, உருண்டைக்கு அல்ல என்றாலும் தினசரிப் பழக்கத்துக்கு அது நல்ல அறிகுறி இல்லை. அல்சர் இருப்பவர்களுக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஷென் ச்சூ ஆகாது. ஜின்செங் சாப்பிடுகிறவர்கள் முள்ளங்கி விதையைக் கூடவே எடுக்கக் கூடாது என்பது சீனர்களின் பழைய விதி. எல்லாவற்றையும்விட, அடிக்கடி வருகிற வாயுத் தொல்லைக்கு ஒரு காரணம் இருக்கும். பாலா, அமிலமா, எச். பைலோரி கிருமியா, வேகமாக விழுங்குகிற பழக்கமா, ஏதோ ஒன்று. உருண்டையைப் போட்டுக்கொண்டே இருந்தால் அதைத் தேடவே மாட்டீர்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி எண்கள் வந்து 'டி' என்று முடியும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத குப்பியைத் தொடாதீர்கள். 2010-இல் ஒரு பிரபலமான சீன வயிற்று மருந்தின் காப்ஸ்யூல் வகையில், உடம்பு இளைக்கக் கொடுக்கும் சிபுட்ரமினும் பழைய பேதி மருந்தான ஃபீனால்ஃப்தலினும் இருந்ததைச் சிங்கப்பூர் அதிகாரிகள் கண்டுபிடித்துத் திரும்பப் பெறச் சொன்னார்கள். பாவ் ஹெ வான் அல்ல அது. பேர்போன பெட்டிக்குள்ளும் இப்படி நடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் அப்பா. 68 வயது, சர்க்கரை, இதய மாத்திரை, எப்போதும் உப்புசம். இந்தக் கணக்கைக் கேட்டவுடன் எனக்கு மூலிகை ஞாபகம் வரவில்லை, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஞாபகம் வந்தது. வயிற்றுப் பொருமல், வாயில் ஒரு உலோகச் சுவை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் வழக்கமான பக்கவிளைவுகள். சாப்பாட்டோடு எடுத்தாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ பலருக்குக் குறையும். அக்கார்போஸ் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்றால் வாயு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சர்க்கரைக்கான செமகுளூட்டைட் ஊசி போட்டுக்கொள்கிறார் என்றால் அதுவே வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். நீண்ட காலச் சர்க்கரையால் வயிற்று நரம்பு தளர்ந்தாலும் இதே உப்புசம்தான். ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அல்சரும் இருக்கலாம். இதில் எதற்கும் பாவ் ஹெ வான் மருந்து இல்லை. தேன் உருண்டையில் தேன் வேறு. ஷான் ஜா இனமோ ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்து வேலை காட்டலாம் என்று சந்தேகிக்கப்படுவது.

நம் ஆட்களிடம் இன்னொரு ஆபத்தான பழக்கம், நெஞ்சில் அழுத்தம் வந்தாலும் "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மேல்வயிற்றுப் பொருமலாகவும் வியர்வையாகவும் வரலாம். நடந்தால் கூடி, நின்றால் குறையும் 'வாயு' என்றால் அன்றைக்கே இசிஜி எடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, காரணமின்றி இளைப்பது, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி என்றாலும் மெடிக்கல் ஹால் படி ஏறாதீர்கள், என் கடைப் படியும் ஏறாதீர்கள், நேராக டாக்டர்.

உங்களுக்கு மட்டும் என்றால், ஒரு சின்னக் குப்பி வீட்டில் இருக்கட்டும். தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ அளவு மீறிய ராத்திரியில், புளித்த ஏப்பத்தோடு நாக்கும் தடித்திருந்தால், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு வெந்நீரில் எட்டு உருண்டை, மறுநாள் கஞ்சி. இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் அது விருந்தின் வேலை அல்ல. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது அவர் விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏற்கெனவே உங்கள் குப்பியிலிருந்து அவருக்கு ரெண்டு வேளை கொடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் குப்பியையும் அதே பையில் போடுங்கள்.